கைலிக் கட்டமும் நாலு எம்பி படமும்

தை மாதம் பொங்கல் முடிந்த வாரம் குடியாத்தத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். "பாப்பா, சித்தூர்ல இருந்து ஒரு வியாபாரி பேசினாரு. நம்ம சைட்டைத் திறந்தா வெள்ளையாவே நிக்குதாம், ஒரு படமும் வரலையாம். நீ காட்டினப்போ நல்லாத்தானே வந்துச்சு?"

நான் காட்டியபோது நன்றாகத்தான் வந்தது. காட்பாடி காந்தி நகரில் என் வீட்டில் ஃபைபர் இணைப்பு. அதற்கு மேல், பத்து முறை திறந்த பக்கம் என்பதால் படங்கள் எல்லாம் என் லேப்டாப்பிலேயே சேமிப்பில் இருந்தன. அந்த வியாபாரி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, போனில், முதல் தடவையாகத் திறந்திருக்கிறார். நான் பார்த்த பக்கமும் அவர் பார்த்த பக்கமும் ஒன்று இல்லை.

மறுநாள் காலையில் குடியாத்தம் போனேன். பெரியப்பாவின் கைலிக் கடையில் உட்கார்ந்து, அவர் போனிலேயே, அவர் சிம்மிலேயே திறந்தேன். பக்கத்தில் 24 கைலிகள், 24 படங்கள். எல்லாம் அண்ணன் தன் போனில் எடுத்து, எடுத்தபடியே முன்பு தளம் செய்து கொடுத்தவரிடம் தந்தவை. அவரும் வந்தபடியே ஏற்றிவிட்டார். ஒவ்வொன்றும் 4000 பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி) அகலம், 3000 பிக்சல் உயரம், ஏறக்குறைய 4 எம்பி. மொத்தம் 96 எம்பி. நொடிக்கு 5 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி) வேகத்தில் வருகிற இணைப்பில் இது முழுதாக வந்து சேர இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கைலி விலை கேட்க வந்த மனிதரின் டேட்டாவில் 96 எம்பியை நாம் எடுத்துக்கொள்கிறோம். இது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்தேன். செய்த வேலையை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கடை, லாட்ஜ், டியூஷன் சென்டர் என்று எதற்குத் தளம் நடத்துகிறவருக்கும் இது பயன்படும்.

முதலில் எடை போட்டுப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் குரோம் திறந்து உங்கள் பக்கத்துக்குப் போங்கள். எஃப் 12 அழுத்தினால் டெவலப்பர் கருவிகள் திறக்கும். அதில் நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், டிஸேபிள் கேஷ் (ஏற்கெனவே சேமித்து வைத்ததை எடுக்காதே) என்பதை டிக் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் என் வீட்டு லேப்டாப் என்னை நம்பவைத்தது போல உங்களையும் நம்பவைத்துவிடும். அதே வரிசையில் வேகத்தைக் குறைக்கும் பட்டியலும் இருக்கும். அதில் ஸ்லோ 4ஜி என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ஒவ்வொரு ஃபைலும் எத்தனை கேபி, எத்தனை நேரம் பிடித்தது என்று வரிவரியாக வரும். படங்களை மட்டும் பிரித்து, சைஸ் தலைப்பின் மேல் தட்டி வரிசைப்படுத்தினால் கனமானதை மேலே கொண்டுவரலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டாலும் ஒரு கணக்கு கிடைக்கும். அதில் வருகிற மதிப்பெண்ணைவிட எல்சிபி என்ற அளவைத்தான் நான் பார்ப்பேன். திரையில் முதலில் தெரியும் பகுதியில் ஆகப் பெரிய பொருள் எத்தனை நொடியில் வந்து நின்றது என்பதுதான் அது. பெரும்பாலான கடைத் தளங்களில் அந்தப் பெரிய பொருள் ஒரு படமாகத்தான் இருக்கும். 2.5 நொடிக்குள் வந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் வரம்பு. வருகிற நூறு பேரில் 75 பேருக்காவது அந்த நேரத்துக்குள் வரவேண்டும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும், வாடிக்கையாளரிடம் இருக்கிற மாதிரி ஒரு சாதாரண போனில் ஒரு தடவை திறந்து பாருங்கள். பெரியப்பாவின் போனில் பக்கத்தை மேலே தள்ளும்போதே திரை திணறியது. அதற்குக் காரணம் இணைய வேகம் மட்டும் இல்லை. ஜேபெக், அதாவது போட்டோக்களை வழக்கமாகச் சேமிக்கும் ஃபார்மட்டில், ஃபைல் 4 எம்பிதான். ஆனால் அதைத் திரையில் காட்ட போன் அதை விரித்தாக வேண்டும். விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 4000 பெருக்கல் 3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல், அதாவது ஒரே படத்துக்கு 48 எம்பி நினைவகம். குவாலிட்டியைக் குறைத்து ஃபைலை ஒரு எம்பி ஆக்கினாலும் இந்த 48 குறையாது. பிக்சலைக் குறைத்தால்தான் குறையும்.

அளவெடுத்து வெட்டுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். "படத்தை கம்ப்ரஸ் பண்ணு" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கம்ப்ரஸ் செய்வது இரண்டாவது வேலை. படம் எந்த இடத்தில் நிற்கப்போகிறதோ அந்த இடத்துக்கு அளவெடுத்து வெட்டுவதுதான் முதல் வேலை. தறியிலிருந்து வருகிற துணியை இடுப்பளவு பார்த்துத்தானே வெட்டுகிறோம்? முழுப் பாவையும் தூக்கி வாடிக்கையாளர் தோளில் போட்டு, மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வதில்லை.

பெரியப்பாவின் போன் திரை, பக்க வடிவமைப்புக் கணக்கில் 360 பிக்சல் அகலம். ஆனால் அந்த ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் குறுக்கே இரண்டு நிஜப் பிக்சல்கள் இருக்கின்றன. சில போன்களில் மூன்று. கைலிப் பட்டியல் போனில் இரண்டு பத்தியாக வருகிறது, ஒரு படத்துக்கு சுமார் 170 பிக்சல் இடம். இரண்டால் பெருக்கினால் 340, மூன்றால் பெருக்கினால் 510. அந்த இடத்தில் 4000 பிக்சல் படம் நின்றுகொண்டிருந்தது. வந்து சேர்ந்த பிக்சலில் பெரும்பகுதியை போன் கசக்கித் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் படத்தைக் காட்டியது.

அகலத்தை 4000-லிருந்து 800-க்குக் குறைத்தால் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. உயரமும் அதேபோல் குறைவதால் மொத்தப் பிக்சல் இருபத்தைந்தில் ஒரு பங்கு. குவாலிட்டியைத் தொடாமலே இது நடக்கிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் எடுத்துப்போட்டது எதுவும் திரைக்கு வந்ததே இல்லை.

நான் ஒவ்வொரு கைலிக்கும் மூன்று பிரதி செய்தேன்: 400, 800, 1600 பிக்சல் அகலம். பட்டியலுக்குச் சிறியது, கைலியைத் தட்டினால் திறக்கும் தனிப்பக்கத்துக்கு நடுத்தரம், பெரிய மானிட்டரில் பார்க்கிறவருக்குப் பெரியது. எதை எடுப்பது என்று பிரவுசரே முடிவு செய்துகொள்ளும். அதற்கு எச்டிஎம்எல் என்ற, பக்கத்தை எழுதும் மொழியில், படத்தைச் செருகும் குறியான பட டேகில் எஸ்ஆர்சி-செட் என்ற பண்பில் மூன்று பிரதிகளின் பெயரையும், ஒவ்வொன்றின் அகலத்தையும் எழுதிவிட வேண்டும். கூடவே சைசஸ் என்ற பண்பும் கட்டாயம் வேண்டும். இந்த இடத்தில் நிறைய பேர் தவறுகிறார்கள். படம் திரையில் பாதி அகலம்தான் பிடிக்கும் என்று சைசஸில் சொல்லாவிட்டால், முழு அகலம் பிடிக்கும் என்றே பிரவுசர் எடுத்துக்கொண்டு தேவையைவிடப் பெரிய பிரதியை இழுத்துவிடும். மூன்று பிரதி செய்த உழைப்பு வீண்.

தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி வேலை தானாகவே நடக்கும். படத்தை ஏற்றியதுமே அது பல அளவில் பிரதி எடுத்துக்கொள்கிறது, 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து எஸ்ஆர்சி-செட்டையும் அதுவே எழுதுகிறது. ஆனால் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சில தீம்கள் மூலப்படத்தையே நேராக எடுத்துப் போடும். அதனால் நெட்வொர்க் பகுதியில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எடுக்கும்போதே எடை குறையும்

கடைக்குள்ளே ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் புள்ளி புள்ளியாக ஒரு மணல் தெரியும். வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா இழுத்துப் பிடிக்கும்போது அது வரும். கம்ப்ரஸ் செய்யும் மென்பொருளுக்கு அது மணல் என்று தெரியாது. அதையும் துணியின் நுணுக்கம் என்று நினைத்து ஒவ்வொரு புள்ளியையும் காப்பாற்றப் பார்க்கும், ஃபைல் ஊதிப்போகும். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வேலூரை வெயிலூர் என்றே சொல்வார்கள். ஆனால் நடுப்பகல் வெயிலில் எடுத்தால் மடிப்பின் நிழல் கறுத்துவிடும், நிறம் வெளுத்துவிடும். காலை ஏழரை மணிக்குத் திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில், வெள்ளைச் சுவரை ஒட்டிக் கைலியைத் தொங்கவிட்டு எடுக்கச் சொன்னேன். பின்னால் வெறும் சுவர் இருந்தால் அந்தப் பகுதிக்கு ஃபைலில் இடமே அதிகம் தேவைப்படாது. முன்பு பின்னால் அலமாரி, காலண்டர், மூட்டை எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. அத்தனையையும் வாடிக்கையாளர் டவுன்லோடு செய்துகொண்டிருந்தார்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது தன் கணக்குக்கு ஒருமுறை சுருக்கி, கம்ப்ரஸ் செய்துதான் அனுப்பும். அதை வாங்கி நாம் இன்னொருமுறை கம்ப்ரஸ் செய்தால் நகலுக்கு நகல் எடுத்தது போல ஆகும், கட்டங்களின் ஓரத்தில் அழுக்கு படிந்தது போலத் தெரியும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூலப்படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, அதைத் தொடவே கூடாது. எந்தப் பிரதி வேண்டுமானாலும் எப்போதும் மூலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எந்த ஃபார்மட்

போட்டோ என்றால் பல வருடமாக ஜேபெக்தான். 1992-இல் தரப்படுத்தப்பட்டது. இன்றைக்கும் அதைத் திறக்காத கருவி கிடையாது. கூகுள் 2010-இல் வெளியிட்ட வெப்பி, அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியதாக வரும் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. ஆப்பிளின் சஃபாரி 2020-இல் அதை ஏற்றுக்கொண்ட பிறகு தயங்க எதுவும் இல்லை. அதற்கு அடுத்தது ஏவிஃப், 2019-இல் வந்தது. பெரும்பாலான போட்டோக்களில் வெப்பியைவிடவும் சிறியதாக வருகிறது, ஆனால் பிரதி எடுக்க நேரம் பிடிக்கிறது. பிக்சர் என்ற டேகுக்குள் ஏவிஃப், வெப்பி, ஜேபெக் என்று அதே வரிசையில் எழுதிவைத்தால், பிரவுசர் மேலிருந்து பார்த்து தனக்குத் தெரிந்த முதல் ஒன்றை எடுத்துக்கொள்ளும். பழைய போனுக்கு ஜேபெக் போகும்.

கடையின் முத்திரை, அம்புக்குறி, போன் சின்னம் போன்றவற்றுக்கு எஸ்விஜி. அது பிக்சலே இல்லாமல் கோடுகளின் குறிப்பாக இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, இரண்டு மூன்று கேபிக்குள் முடிந்துவிடும். பின்னணி இல்லாத படம், ஸ்கிரீன்ஷாட் மாதிரி தட்டையான நிறம் உள்ளவற்றுக்கு பிஎன்ஜி. போட்டோவை மட்டும் பிஎன்ஜியில் சேமிக்காதீர்கள், பல மடங்கு கனக்கும்.

பெரியப்பாவின் பக்கத்தில் விலைப்பட்டியலும் ஒரு படமாக இருந்தது. அச்சகத்தில் அடித்த நோட்டீஸை போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு எழுத்தாகவே அட்டவணை போட்டேன். எழுத்து சில கேபிதான். பெரிதாக்கிப் படிக்கலாம், தேடினால் கிடைக்கும், கண் தெரியாதவருக்கு போன் வாசித்துக் காட்டும். எழுத்தால் சொல்லக்கூடியதை ஒருநாளும் படமாகப் போடாதீர்கள். இதை நான் என் எல்லா வாடிக்கையாளரிடமும் சண்டை போட்டாவது மாற்றிவிடுகிறேன்.

கட்டங்கள் படுத்திய பாடு

இதுவரை சொன்னதைச் செய்ததும் பக்கம் பறந்தது. பெரியப்பா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "பாப்பா, இதுல அலையலையா ஒண்ணு ஓடுதே. நம்ம கைலியில அப்படி இல்லையே." இன்னொரு பச்சைக் கைலியைக் காட்டி, "இதுல சிவப்பு இழை எங்க போச்சு?" என்றும் கேட்டார். நாற்பது வருடம் பாவும் ஊடையும் பார்த்த கண். நான் கவனிக்கவில்லை.

முதல் பிரச்சினைக்கு மோயிரே என்று பெயர். நுணுக்கமான கட்டங்களைச் சின்னப் படமாக்கும்போது, ஒரு கோட்டுக்கும் அடுத்த இடைவெளிக்கும் சேர்த்து குறைந்தது இரண்டு பிக்சலாவது மிஞ்ச வேண்டும். அதற்கும் கீழே போனால் கோடுகள் மறைவதற்குப் பதிலாக, துணியில் இல்லாத பெரிய அலைகள் படத்தில் தோன்றிவிடும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துத்தான் தீர்த்தேன். சுருக்கும்போது லான்சோஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் அது பக்கத்துப் பிக்சல்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அலை பெருமளவு அடங்குகிறது. மூலத்திலிருந்து 400-க்கு நேராகப் போகவேண்டும், 1600, 800 என்று படிப்படியாக இறங்கக் கூடாது. அப்படியும் அடங்காத கைலிகளுக்கு, முழுக் கைலியையும் சின்ன இடத்தில் காட்டும் ஆசையை விட்டுவிட்டு, மடித்துவைத்த கைலியின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக வெட்டி எடுத்தேன். கட்டம் பெரிதாகத் தெரிந்தது, அலையும் போயிற்று. வாங்குகிறவருக்கும் அதுதான் வேண்டும், கைலியின் முழு நீளம் அவருக்குத் தெரிந்ததுதான். இரண்டு கைலிகளில் மட்டும் போன் கேமராவே அலையைப் பதிந்திருந்தது. அதை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியவில்லை, ஓரடி முன்னால் வந்து, கொஞ்சம் சாய்த்து மறுபடி எடுத்தோம்.

சிவப்பு இழை காணாமல் போனதற்குக் காரணம் வேறு. படத்தைச் சுருக்கமாக எழுத, வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகவும், நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகவும் எழுதிவைப்பது வழக்கம். 4:2:0 என்று இதைக் குறிப்பார்கள். மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது என்பதால் முகம், மரம், வானம் போன்ற படங்களில் இது தெரியவே தெரியாது. ஆனால் கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்று, நிறம் மட்டும்தான் வேறு. ஒரு பிக்சல் தடிமனில் ஓடும் சிவப்பு இழையின் நிறத்தைப் பக்கத்துப் பச்சையோடு கலந்து எழுதினால் இழை பழுப்பாகிப் பச்சைக்குள் கரைந்துவிடுகிறது. கைலி, பட்டுப் புடவை ஜரிகை ஓரம், சிவப்பு எழுத்து எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆரணிப் பட்டு விற்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வெப்பியின் சாதாரண முறையில் 4:2:0 தவிர வேறு வழியே கிடையாது. அதில் ஷார்ப் ஒய்யுவி என்றொரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் நிற ஓரங்கள் ஓரளவு மீள்கின்றன. ஜேபெக்கிலும் ஏவிஃபிலும் நிறத்தைக் குறைக்காமல் 4:4:4 என்றே எழுதலாம், ஃபைல் கொஞ்சம் கூடும். பட்டியலில் நிற்கும் 400 பிக்சல் பிரதியை ஷார்ப் ஒய்யுவி போட்ட வெப்பியாகவும், தட்டினால் திறக்கும் நெருக்கப் படத்தை 4:4:4 ஏவிஃபாகவும், அதைத் திறக்காத போனுக்கு 4:4:4 ஜேபெக்காகவும் வைத்தேன். இழை திரும்ப வந்தது. பெரியப்பா படத்தையும் கைலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

இந்த வேலை முழுவதையும் ஸ்கூஷ் என்ற இணையக் கருவியில் செய்யலாம். குரோம் குழுவினர் 2018-இல் இலவசமாக வெளியிட்டது. படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது, பிரவுசருக்குள்ளேயே எல்லாம் நடக்கிறது. நடுவில் ஒரு கோடு இருக்கும், இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் புதியது. ரீசைஸை டிக் செய்து அகலத்தைக் கொடுத்து, ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்து, குவாலிட்டி உருளியை இறக்கிக்கொண்டே வாருங்கள். 75-இல் தொடங்குவேன். கட்டத்தின் ஓரம் குலையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஐந்து புள்ளி மேலே ஏற்றிக்கொள்வேன். 90-க்கு மேலே போனால் ஃபைல் வேகமாக வீங்குமே தவிர கண்ணுக்கு லாபம் இல்லை. வெப்பியின் 75-உம் ஜேபெக்கின் 75-உம் ஏவிஃபின் 75-உம் ஒரே தரம் அல்ல, அதனால் எண்ணை நம்பாமல் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முழு அளவில், நூறு சதவீதத்தில் வைத்துப் பாருங்கள்.

மொத்தமாகச் செய்யும்போது

நூற்றுக்கணக்கில் படம் இருந்தால் ஒவ்வொன்றாக முடியாது. இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கருவியில் ஒரே கட்டளையில் ஃபோல்டர் முழுவதையும் மாற்றலாம். அதில் மாக்ரிஃபை என்ற கட்டளை பழைய ஃபைலின் மேலேயே எழுதிவிடும், அதனால் பிரதி எடுத்த ஃபோல்டரில்தான் ஓட்ட வேண்டும். இன்னும் இரண்டு விஷயம். போன் படத்துக்குள் எக்ஸிஃப் என்ற மறைவான குறிப்பு இருக்கும். எந்த போன், எந்த நேரம், சில சமயம் எந்த இடம் என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு அதில் இருக்கும். தறி வைத்திருப்பவர்களின் வீட்டில் எடுத்த படம் என்றால் அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்து வரலாம். அவர்களைக் கேட்காமல் அதை உலகத்துக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. எடுத்துவிடுங்கள்.

ஆனால் எடுக்கும் வரிசை முக்கியம். படம் நட்டுவைத்ததா படுக்கவைத்ததா என்பதும் அதே குறிப்பில்தான் இருக்கிறது. முதலில் படத்தை நிஜமாகவே திருப்பிவிட வேண்டும், இமேஜ்மேஜிக்கில் அதற்கு ஆட்டோ-ஓரியன்ட். இல்லாவிட்டால் குறிப்பை நீக்கியதும் கைலி எல்லாம் படுத்துக்கொள்ளும். அதேபோல் ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிற அளவில் இருக்கும். அதை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அளவுக்கு மாற்றாமல் நிறக் குறிப்பை மட்டும் நீக்கினால் நிறம் மங்கிவிடும். கைலி வியாபாரத்தில் படத்தில் ஒரு நிறம், பார்சலில் ஒரு நிறம் என்றால் சரக்கு திரும்பி வரும். திருப்பு, நிறத்தை மாற்று, அளவைக் குறை, குறிப்பை நீக்கு. இதே வரிசை.

பக்கத்தில் வைக்கும்போது

ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் டேகில் எழுதுங்கள். படம் வருவதற்கு முன்பே பிரவுசர் அந்த விகிதத்தில் இடம் பிடித்து வைத்துக்கொள்ளும். எழுதாவிட்டால், படம் வந்து விழும்போதெல்லாம் கீழே இருப்பது குதிக்கும். ஒரு கைலியைத் தட்டப்போன விரல் வேறொன்றில் படும்.

முதல் திரையில் தெரியாத படங்களுக்கு லோடிங் என்ற பண்பில் லேசி என்று போடுங்கள். பார்க்கிறவர் கீழே தள்ளிக்கொண்டு வரும்போது மட்டும் அவை வரும். மேலே முதலில் தெரியும் பெரிய படத்துக்கு மட்டும் அதைப் போடவே கூடாது, அதை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவரச் சொல்லி ஃபெட்ச்-பிரயாரிட்டி ஹை என்று எழுதுங்கள். அந்தப் படத்தை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஃபைல்) பின்னணியாகவும் வைக்காதீர்கள். சிஎஸ்எஸ் வந்து படித்த பிறகுதான் அப்படி ஒரு படம் இருப்பதே பிரவுசருக்குத் தெரியும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு நான் தளம் பார்த்துக்கொடுக்கிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளியோடு வருகிறவர்கள் ரயிலில் இருந்துகொண்டே அறை தேடுவார்கள். காட்பாடி வருவதற்குள் அறை உறுதியாக வேண்டும், சிக்னலோ வருவதும் போவதுமாக இருக்கும். அந்தப் பக்கத்தின் உச்சியில் தானாக நகரும் ஐந்து படங்கள் இருந்தன. உரிமையாளரிடம் பேசி நான்கை எடுத்துவிட்டு, அறையின் படம் ஒன்றை மட்டும் வைத்து, அதற்கு மேலே வாடகையையும் போன் நம்பரையும் எழுத்தாகப் போட்டேன். படமே வராவிட்டாலும் நம்பர் வந்துவிடும்.

சர்வர் பக்கம் ஒரே ஒரு அமைப்பு: சேமிப்பு எத்தனை காலம் என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோலில் படங்களுக்கு மேக்ஸ்-ஏஜ் 31536000 (நொடிக் கணக்கு) என்று வைத்தால், ஒரு வருடம் வரை போன் அதே படத்தை மறுபடி கேட்காது. படத்தை மாற்றினால் ஃபைல் பெயரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழைய படமே தெரிந்துகொண்டிருக்கும்.

பெரியப்பாவின் பட்டியலில் ஒரு பிரதி இப்போது சுமார் 30 கேபி. 24 படமும் சேர்ந்து 720 கேபி, முன்பு 96 எம்பி. திறந்ததும் முதல் திரைக்கு வருவது ஆறு படம்தான். குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் போனில் திறந்தபோது, எண்ணத் தொடங்குவதற்குள் ஆறும் வந்து நின்றன. அந்த இடத்திலிருந்தே சித்தூர் வியாபாரிக்குப் பேசினார்.

இப்போது புதுச் சரக்கு வரும்போது அண்ணன் திண்ணையில் வைத்துப் படம் எடுத்து, "மூலம்" என்று பெயர் வைத்த ஃபோல்டரில் போட்டுவிடுகிறார். ஸ்கூஷில் பிரதி எடுப்பது பெரியப்பா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடுக்கோட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி, பச்சைக் கைலிகளுக்கு மட்டும் கூடுதலாக ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார்.